மூலையில் விட்டுப்போன வளைவு

மணி அடித்துவிட்டால் மற்ற வகுப்புப் பிள்ளைகள் வாசலுக்குப் பறப்பார்கள். பட்டறை வகுப்பில் அது நடக்காது. லேத் எனும் கடைசல் எந்திரத்தை நிறுத்தி, இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளி, கையைத் துடைத்துக்கொண்டு பதினெட்டுப் பேரும் வரிசையாக நிற்க வேண்டும்.

"கைய காட்டுங்க" என்பாள் டீச்சர்.

பதினெட்டு ஜோடிக் கைகள் மேலே எழும். மற்ற ஆசிரியர்கள் தலையை எண்ணுவார்கள், இவள் விரலை எண்ணுவாள். நூற்றெண்பது சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும். வருடத் தொடக்கத்தில் ஒருத்தன் விளையாட்டாகக் கட்டை விரலை மடக்கிக்கொண்டு நின்றான். அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்த பிறகு யாரும் அந்த விளையாட்டை விளையாடவில்லை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'விரல் டீச்சர்'. அது அவளுக்கும் தெரியும்.

பயம் அவளோடு கூடப்பிறந்தது. அப்பா பஸ் டிரைவர். ஏழு வயதில், அப்பா வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வீடு திரும்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். "மத்த பிள்ளைங்களுக்குப் பல்லு மொளைக்கும், இவளுக்குப் பயம் மொளைச்சிருக்கு" என்பாள் அம்மா. ஆனால் ஒரு ஸ்கேலையும் கூர்ப்பென்சிலையும் கையில் கொடுத்துவிட்டால் அவள் மனசு அடங்கிவிடும். காகிதத்தில் எதுவும் ஓடுவதில்லை, விழுவதில்லை. போட்ட கோடு போட்ட இடத்தில் நிற்கும். அதனாலேயே டிப்ளமா படித்து, தண்ணீர் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் சேர்ந்தாள். அந்த அறையில் அவள் ஒருத்திதான் பெண். பென்சிலில் தொடங்கி, கம்ப்யூட்டரில் வரையக் கற்று, பதினாலு வருடம் அங்கே ஓட்டினாள்.

அந்தப் பதினாலு வருடமும் நன்றாகத் தூங்கினாள் என்பதுதான் ஆச்சரியம். காரணம், ஒவ்வொரு வரைபடத்தின் கீழ்மூலையிலும் மூன்று கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். அவள் கண் தப்பினாலும் இன்னும் இரண்டு ஜோடிக் கண் இருந்தது. பிறகு தொழிற்சாலை வேறு ஊருக்கு மாறிப்போயிற்று. கணவருக்கு இங்கே மூக்குக்கண்ணாடிக் கடை. அதை விட்டுவிட்டு எங்கே போவது? மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் வரைபடம், பட்டறையில் எந்திர வேலை, இரண்டையும் சொல்லித்தர வேண்டும். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். சேர்ந்தாள். பதினோரு வருடம் ஓடிவிட்டது. இங்கே வரைபடத்தின் கீழே ஒரே ஒரு கட்டம்தான் நிரம்பும். மற்ற இரண்டும் காலி.

அந்தப் பிரிவுக்கு ஊருக்குள் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. "மார்க்கு கம்மி, அதான் இங்க தள்ளிட்டாங்க" என்று பெற்றோர்களே பிள்ளையின் எதிரில் சொல்வார்கள். நாலு லேத், ஒரு மில்லிங் எந்திரம், பன்னிரண்டு கம்ப்யூட்டர். அதில் ஒன்பது வேலை செய்யும், மூன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அந்த வருடம் பதினெட்டுப் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். இருபது பேராவது வேண்டும், இல்லையென்றால் பிரிவைத் தொடர்வதா மூடுவதா என்று நேரில் வந்து பார்த்து முடிவு செய்வோம் என மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

தலைமையாசிரியை கெட்டிக்காரி. "நம்ம பிள்ளைங்க ஊருக்கு உபயோகமா ஏதாவது செஞ்சாங்கன்னு காட்டணும். வாய்ச்சொல் எடுபடாது" என்றார். அவருக்கு யோசனை தந்தது இரண்டு தெரு தள்ளியிருந்த அரசு மருத்துவமனை. அங்கே நோயாளியைப் படுக்கவைத்துத் தள்ளும் ஸ்ட்ரெச்சர் வண்டிகள் பன்னிரண்டு. சக்கரத்தைத் தாங்கும் பின்கள் தேய்ந்து, வண்டிகள் எல்லாம் நொண்டிக்கொண்டிருந்தன. பழுதுபார்ப்புக்குப் பொறுப்பான மேஸ்திரி, எப்போதும் சட்டைப்பையில் டார்ச் லைட் வைத்திருப்பவர், தேய்ந்துபோன ஒரு பின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இதே மாதிரி நாப்பத்தெட்டு. முடியுமா டீச்சர்?"

"முடியும்" என்று சொன்னது தலைமையாசிரியை. 

பின் என்றால் ஒரு விரல் நீள இரும்புத் தண்டு. பாதி தடிமன், பாதி ஒல்லி. தடிமன் முடிந்து ஒல்லி தொடங்கும் உள்மூலையை வெடுக்கென்று கூராக வெட்டக் கூடாது. அங்கே கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத ஒரு சின்ன வளைவு வேண்டும். துணியைக் கத்தரியால் லேசாக நறுக்கிவிட்டு இழுத்தால் நறுக்கிய இடத்திலிருந்துதானே கிழியும்? இரும்பும் அப்படித்தான். கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும். இது டீச்சருக்குத் தெரியாதா? வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் அவளே.

மூன்று வாரத்தில் ஐம்பது பின்களைக் கடைந்தார்கள். நாற்பத்தெட்டு போக இரண்டு உபரி. நீளம், தடிமன், திருகு மரை என்று ஒவ்வொன்றையும் அவளே மூன்று முறை அளந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு வண்டிக்கும் மேஸ்திரி மாட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள். எல்லாம் கூடிவந்த மாதிரிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரே கணவர் யாருடைய கண்ணாடிக்கோ கால் மாட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்தது ஏணியின் தாள். ஏணி என்பது வகுப்பிலேயே உயரமான பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். அரைகுறை வரைபடம் ஒன்றைக் கொடுத்து, இதில் விடுபட்டவை எவை என்று கேட்டிருந்தாள் நாலாவது கேள்வியில். ஏணி ஐந்து எழுதியிருந்தாள். ஐந்தாவது: 'உள்மூலைக்கு வளைவு தரப்படவில்லை. (நம்ம பின்னில் விட்ட மாதிரி.)'

சிவப்புப் பேனா பாதி டிக் அடித்த நிலையில் நின்றுவிட்டது.

இன்னொரு முறை படித்தாள். நம்ம பின்னில் விட்ட மாதிரி. பெண் குறை சொல்லவில்லை. உதாரணம் காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் கணவர்.

சொன்னாள். அவர் கண்ணாடியைக் கீழே வைக்காமலே சிரித்தார். "நீ கேஸ் அடுப்ப மூணு தடவ பாக்கறவ. பூட்டின பூட்ட இழுத்துப் பாத்துட்டு, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வர்றவ. இதுவும் அந்தக் கணக்குதான். நீயாவது வளைவ விடறதாவது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் சங்கடம். புலி வருது, புலி வருது என்று வாழ்நாள் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள். இப்போது வந்திருப்பது புலியா, நிழலா? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. அன்றைக்குப் பட்டறையில் நடந்தது நினைவுக்கு வந்தது. மூன்றாவது லேத்தில் ஒருத்தன் சட்டைக் கையை மடிக்காமல் நிற்கிறான் என்று அவனிடம் போய்க்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து ஏணி கேட்டாள்: "டீச்சர், இந்த மூலைய கொஞ்சம் வளைவா விட்டுரலாமா?"

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வரைபடத்துல என்ன இருக்கோ அத செய். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"வண்டிய எடுங்க" என்றாள் கணவரிடம்.

"எங்க?"

"ஸ்கூலுக்கு."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுபேச்சுப் பேசாமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

பள்ளிக் காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். கம்ப்யூட்டர் உயிர் பெறுவதற்குள் அவளுக்கு உயிர் போய்விடும் போலிருந்தது. பின்னின் வரைபடக் கோப்பைத் திறந்தாள். கம்ப்யூட்டர் வரைபடம் ஒற்றைத் தாள் இல்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி. லேயர் என்பார்கள். கோடு ஒரு தாளில், அளவு ஒரு தாளில், குறிப்பு ஒரு தாளில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன பல்பு வரைந்திருக்கும். பல்பை அணைத்தால் அந்தத் தாள் மறையும், அச்சிலும் வராது.

குறிப்புத் தாளின் பல்பு அணைந்திருந்தது.

அழுத்தினாள். பல்பு எரிந்தது. வரைபடத்தின் ஓரத்தில், அவளே தட்டச்சு செய்த வரி பளிச்சென்று வந்து நின்றது: உள்மூலைகள் எல்லாவற்றுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் வளைவு.

எழுதாமல் விடவில்லை. வகுப்பில் வடிவத்தை மட்டும் விளக்குவதற்காக, திரையில் எழுத்துகள் இடைஞ்சலாக இருக்கின்றன என்று பல்பை அணைத்திருக்கிறாள். திரும்ப எரியவிட மறந்து, அப்படியே அச்செடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டாள். வந்த பின்களை அதே தாளோடுதான் ஒப்பிட்டு மூன்று முறை அளந்தாள். தாளில் இல்லாததை முப்பது முறை அளந்தாலும் கண்டுபிடிக்க முடியுமா?

இழுப்பறையிலிருந்த உபரிப் பின்னை எடுத்து மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். நகம் சிக்கிக்கொண்டு நின்றது. கத்தி மாதிரிக் கூர்.

"பாருங்க" என்று கணவரிடம் நீட்டினாள். தொழிலுக்காகச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திப் பார்த்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் ஒரு நெடுமூச்சு.

"உடனே உடைஞ்சிருமா?"

"தெரியாது மேடம். ஒரு மாசம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம். நாளைக்கே கூட ஆகலாம்."

"செவ்வாக்கிழம அவங்க வர்றாங்க. ஆஸ்பத்திரி தர்ற பாராட்டுக் கடிதத்த வச்சுத்தான் நான் வாதாடப் போறேன். புதன்கிழம காலையில மொத வேலையா மாத்திரலாமே? ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போகுது?"

"சக்கரம் கழண்டா வண்டி சாயும் மேடம். மேல ஆள் படுத்திருப்பாங்க."

 "யோசிச்சிட்டு கூப்பிடறேன்" என்று தலைமையாசிரியை போனை வைத்துவிட்டார். அவர் யோசித்து முடிக்கும்வரை நிற்க டீச்சருக்குக் கால் தரிக்கவில்லை. மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்று நோய் விடுமுறை எடுக்கிறதா? தாழ்வாரம் நிறைய ஆட்கள். காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண்ணை லிப்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். லிப்டு வாசலில் ஓர் இரும்புப் பட்டை. முன்சக்கரம் ஏறி இறங்கியது, தடக். பின்சக்கரம், தடக். அந்தப் பெண் பக்கத்தில் வந்த அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு ஒவ்வொரு தடக்கும் நெஞ்சில் விழுந்தது. அடுத்த வண்டியில் ஒரு பெரியவர், கண்மூடிப் படுத்திருந்தார். தடக், தடக். பிள்ளைகள் செய்த பின்களின் தலைகள் சக்கரங்களுக்கு நடுவே பளபளவென்று மின்னி அவளைப் பார்த்தன.

மேஸ்திரியின் வீடு மருத்துவமனைக்குப் பின்னாலேயே இருந்தது. பனியனோடு வந்து நின்றவர், விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"வண்டியெல்லாம் வெண்ணெ மாதிரி ஓடுது டீச்சர். பதினஞ்சு வருஷத்துல இப்படி ஓடினதில்ல. அத போயி கழட்டச் சொல்றீங்களே."

"கழட்டணும் மேஸ்திரி. தப்பு என்னோடது. பிள்ளைங்கள யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

அவள் நீட்டிய உபரிப் பின்னின் மூலையை அவர் நகத்தால் தடவிப் பார்த்தார்.  உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்து வந்தார்.

அடுத்த தடை தலைமைச் செவிலியர். "பன்னெண்டு வண்டியையும் ஒரே நேரத்துல கேட்டா எப்படி? நோயாளிங்கள நான் தோள்லயா தூக்கிட்டுப் போறது? மூணு மூணா எடுத்துக்கோங்க. அந்த மூணு திரும்பி வந்தாத்தான் அடுத்த மூணு."

மூன்று வண்டிக்குப் பன்னிரண்டு பின். சரி, கழற்றிவிட்டு எதை மாட்டுவது? புதிதாக நாற்பத்தெட்டு கடைய மூன்று வாரம் வேண்டும். மாடிப்படியில் உட்கார்ந்து, பழைய மருந்துச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பின்னை வரைந்தாள். பென்சில் காகிதத்தில் பட்டதும் மனசு கொஞ்சம் அடங்கியது. போன இரும்பை ஒட்ட முடியாது. ஆனால் இருப்பதில் இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே? தடிமன் முடியும் இடத்தை இரண்டு மில்லி பின்னால் தள்ளி வெட்டி, அந்த வெட்டிலேயே முனை உருண்ட உளியால் வளைவை உண்டாக்கிவிட்டால்? பழைய கூர்மூலை சீவலோடு போய்விடும். இரண்டு மில்லி இடைவெளிக்கு ஒரு வாஷர். எண்ணிப் பார்த்தாள். ஒரு பின்னுக்கு ஐந்து நிமிடம். இரண்டு லேத் ஓடினால் சாயங்காலத்துக்குள் முடியும்.

போன் அடித்தது. தலைமையாசிரியை.

"பட்டறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் மேடம்."

"பிள்ளைங்க யாராவது வேணுமா? வேணும்னா அவங்க வீட்டுக்கு நானே பேசறேன். வாத்தியார் இல்லாம ஒரு மெஷினும் ஓடக் கூடாது. நானும் வர்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் சோறு எறங்கல" என்றார்.

ஏணியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். கணவர் பின்களைச் சுமக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கடையிலிருந்து காலியான கண்ணாடிக் கூடுகளைக் கொண்டுவந்து, மெத்தை வைத்த கூட்டுக்குள் பின்னைப் படுக்கவைத்து, ஸ்கூட்டரில் மருத்துவமனைக்கும் பள்ளிக்குமாகப் பறந்தார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு கனமான பவர் கண்ணாடிய நான் டெலிவரி பண்ணதில்ல" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்றாலும் அவர் விடவில்லை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு ஜோக். மேஸ்திரி தன் தகரப் பெட்டியிலிருந்து, நாலு வருடமாக யாரும் கேட்காத வாஷர்களை அள்ளி அனுப்பியிருந்தார். அதன் துளை வளைவில் இடிக்காதபடி இரண்டு பையன்கள் கொஞ்சம் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பின்னையும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். விரிசல் இருக்கிறதா? ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. இருந்துவிடுமோ என்று பயந்தாள். இல்லையென்றால் ஊரைக் கூட்டினது வீண்தானோ என்று அதற்கும் பயந்தாள்.

லேத் சத்தத்துக்கு நடுவே ஏணியிடம் சொன்னாள்: "நீ அன்னைக்கே கேட்ட. நான் திரும்பிக்கூடப் பாக்கல. என் தப்பு."

ஏணி நெளிந்தாள். "அய்யோ டீச்சர், தப்புன்னு தெரிஞ்சா கேட்டேன்? மூலைய கூரா எடுக்க எடுக்க உளி மழுங்கிட்டே இருந்துச்சு. தீட்டித் தீட்டிக் கை வலிச்சுது. வளைவா விட்டுட்டா வேல ஈஸின்னு கேட்டேன். அப்புறம் பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் புஸ்தகத்துல பாத்தேன்."

"பாத்ததும் வந்து சொல்லக் கூடாதா?"

"நீங்க மூணு தடவ அளந்தீங்களே. நீங்க பாத்தது சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

டீச்சருக்கு அது அடி வாங்கின மாதிரி இருந்தது. அவள் அளந்து அளந்து பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறாள். அடுத்த பின்னை எடுத்து லேத்தில் மாட்டினாள்.

கடைசி மூன்று வண்டிகளைச் செவிலியர் விடுவித்தபோது மணி நாலரை. கடைசிப் பின் மாட்டி முடிந்தபோது வெயில் இன்னும் தாழ்வாரத்தில் சாய்ந்து கிடந்தது. நாற்பத்தெட்டில் ஒன்றில்கூட விரிசல் இல்லை.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்றார் மேஸ்திரி. ஆறுதலாகத்தான் சொன்னார். அது அவளைக் குத்தியது.

 செவ்வாய்க்கிழமை இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கம்ப்யூட்டரை எண்ணினார்கள், பதிவேட்டைப் புரட்டினார்கள். மருத்துவமனைக் கடிதத்தைக் கேட்டார்கள். அதை எழுதிய மேஸ்திரிக்கு அலங்காரமாக எழுத வராது. மூன்றே வரி: பின்கள் தவறாகச் செய்யப்பட்டிருந்தன. டீச்சரே வந்து சொல்லி, திரும்ப வாங்கித் திருத்திக் கொடுத்தார். இப்போது சரியாக உள்ளன.

பெண் அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். "நீங்களா போயிச் சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இல்லையா?"

"ஆமாங்க மேடம்."

"நாங்க வந்துட்டுப் போன பிறகு சொல்லியிருக்கலாமே?"

பதில் யோசித்து வைத்திருந்தாள். முந்தின நாள் முழுக்க மனப்பாடம் செய்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, "வண்டியில ஆள் படுத்திருந்தாங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முடிவைத் தபாலில் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

தபால் ஆறு வாரம் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே டீச்சர் அலுவலக அறைப் பக்கம் தற்செயலாகப் போகிற மாதிரி போவாள். அதற்குள் பட்டறையில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, எந்த வரைபடமும் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் பிள்ளை ஒன்றின் கையெழுத்து இல்லாமல் லேத்துக்குப் போகக் கூடாது என்று விதி வந்தது. முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாம் வாரம் அவளே வேண்டுமென்றே ஓர் அளவை மாற்றி வைத்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காதவர்களைத் திட்டவில்லை, அடுத்ததில் இன்னொன்றை மாற்றினாள். மாசக் கடைசியில் ஒரு வாயாடி, "டீச்சர், இதுல மூணு தப்பு இருக்கு, ஒண்ணு நீங்க வேணும்னு போட்டது, மத்த ரெண்டு நெஜமாவே தப்பு" என்றான். அவளுக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

இரண்டாவது, அந்த உபரிப் பின்கள். ஒன்றைத் திருத்தினார்கள், ஒன்றை அப்படியே கூர்மூலையோடு விட்டார்கள். பழைய சாணை மோட்டார் ஒன்றில் தட்டுவதற்கு ஓர் இரும்புக் கையைப் பொருத்தி, இரண்டு பின்னையும் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கி, நாள் முழுக்கத் தட்டவிட்டார்கள். எத்தனை தட்டு என்று எண்ண ஒரு சின்னக் கருவி. பாடம் நடக்கும்போதெல்லாம் மூலையில் டக் டக் டக். உடைய வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். உடையவே கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள். உடைந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் உடையக்கூடிய பொருளை ஆள் படுக்கும் வண்டிக்குக் கொடுத்தவள் என்பதும் அன்றைக்கே உறுதியாகிவிடுமே?

பதினோராம் நாள், வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது டக்கில் ஒன்று குறைந்தது. எல்லோரும் திரும்பினார்கள். கூர்மூலைப் பின் இரண்டாகக் கிடந்தது. ஒடிந்த முகம் மூலையிலிருந்து தொடங்கி, கிளிஞ்சல் மாதிரி வரிவரியாக. திருத்திய பின்னோ ஒன்றும் நடக்காதது போலத் தட்டு வாங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். 

ஏணி, தட்டின எண்ணிக்கையையும் வண்டிகள் ஒரு நாளைக்கு லிப்டு வாசலைத் தாண்டும் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் போட்டாள். ஏறக்குறைய ஏழு மாதம் தாங்கியிருக்கும் என்று வந்தது.

அன்றைக்கு வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "ஏழு மாசமா? அப்ப புதன்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாமே?"

"அது ஞாயித்துக்கிழம தெரியாதே" என்றாள்.

 அவர் எழுந்து போய் கேஸ் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று அவரே பார்த்துவிட்டு வந்தார்.

தபால் வந்தது ஒரு வியாழக்கிழமை. பிரிவு இன்னும் ஒரு வருடம் தொடரலாம். ஆனால் மறு உத்தரவு வரும்வரை வெளியார் வேலை எதையும் மாணவர்கள் செய்யக் கூடாது. தலைமையாசிரியைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உண்மைய சொன்னதுக்குக் கூலியா இது?" என்று கடிதத்தை மேசையில் போட்டார். டீச்சருக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருடம் கிடைத்ததே என்று இருந்தது, வெளிவேலை இல்லை என்பதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை வெளியே சொல்லவில்லை.

ஏணி தேர்ச்சி பெற்று ஒரு கருவித் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அடுத்த வருடம் இருபத்துமூன்று பேர் சேர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் நல்ல மார்க்கு வாங்கிவிட்டு விரும்பியே வந்தவர்கள். வெளிவேலைத் தடையை எடுக்கத் தலைமையாசிரியை நாலு கடிதம் எழுதிப் பார்த்தார். ஐந்தாவதற்குத்தான் தடை நீங்கியதாகப் பதில் வந்தது. அதற்கு முன்பே ஒருநாள் மேஸ்திரி, உடைந்த கட்டில் கைப்பிடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்திருந்தார்.

"இப்ப வெளிவேல செய்யக் கூடாது மேஸ்திரி. உத்தரவு" என்றாள் டீச்சர்.

"யாரு செய்யச் சொன்னா? பாடம் நடத்த வச்சுக்கோங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டு, டார்ச்சைப் பைக்குள் செருகிக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். புது வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று ஆளுக்கொரு பேச்சு. டீச்சர் அளவுகோலை எடுக்கப் போனாள்.